உச்சி வெயிலில் கேமராவோடு எங்கே போவது?

வாசகர் கேள்வி – பதில்: ஒளிப்படம்

செட்டிநாட்டு ஊர்களிலிருந்தும், அந்த ஊர்க்காரர்கள் பிழைக்கப் போன இடங்களிலிருந்தும் வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துப் போட்டிருக்கிறோம்.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவும் 18–55 லென்சும் இருக்கின்றன. காலை 7 மணிக்கு முன்னால் எடு, மாலை 5 மணிக்கு மேல் எடு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். லீவு நாளில் நான் வெளியே கிளம்பவே பதினொரு மணி ஆகிவிடுகிறது. அந்த வெயிலில் எடுத்தால் ஆள் கறுப்பு, வானம் வெள்ளை. நம் ஊர் மத்தியானத்தில் உருப்படியாக எதையாவது எடுக்க முடியுமா? (காரைக்குடி வாசகர்)

பதில்: முடியும். சொல்லப்போனால் இந்த ஊருக்கு உரிய நேரமே மத்தியானம்தான். பழைய திணை மரபில் பாலைக்குச் சிறுபொழுது நண்பகல் என்று வைத்தார்கள். செட்டிநாடு பாலை இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையை ஊரணியிலும் கண்மாயிலும் தேக்கிவைத்துக் காலம் தள்ளிய வறண்ட பூமி. ஆனால் இங்கே வீடு கட்டியவர்கள் உச்சி வெயிலை நினைத்தே கட்டியிருக்கிறார்கள். அதனால் தெருவில் நிற்காமல் வளவுக்குள், அதாவது வீட்டின் உள்முற்றப் பகுதிக்குள் போய்விடுங்கள்.

நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தூண் வைத்த பத்தி, பத்தியை ஒட்டி அறைகள். வெயில் முற்றத்துத் தரையில் விழுந்து, அங்கிருந்து எழும்பிப் பத்தியின் மேல்தளத்தையும் தூண்களின் உள்பக்கத்தையும் தொடுகிறது. ஸ்டுடியோவில் விளக்குக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டி உண்டாக்குகிற மிருதுவான வெளிச்சம் இங்கே சும்மா கிடைக்கிறது. முற்றத்து விளிம்பிலிருந்து மூன்றடி உள்ளே தள்ளி, பத்தியில் ஆளை உட்கார வையுங்கள். முகம் முற்றத்தைப் பார்த்துப் பாதி திரும்பியிருக்கட்டும். வெயில் விழும் தரை படத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது ஓரத்தில் துளி வந்தாலும் கேமரா அதையே நம்பி அளந்து முகத்தை இருட்டாக்கிவிடும். ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 400, எஃப் (லென்ஸ் திறப்பு) 5.6, ஷட்டர் 1/125 நொடி என்று தொடங்கிப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். பின்னணிக்கு வீட்டின் இருட்டுப் பக்கம் இருந்தால் நரைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியே தெரியும்.

எந்த மாதம் என்பதும் முக்கியம். காரைக்குடி ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 16, 17 வாக்கிலும் ஆகஸ்ட் 26, 27 வாக்கிலும் பகல் சுமார் 12:15க்குச் சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறது. அப்போது முற்றத்தில் வைத்த அண்டாவின் நிழல் அதன் அடியிலேயே ஒளிந்துகொள்ளும். டிசம்பர் கடைசியில் அதே நேரத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து 56 டிகிரி உயரத்தில் நிற்கும். வெயில் முற்றத்தைத் தாண்டி வடக்குப் பத்தியின் தூண்களில் ஏறும். ஜூனில் சூரியன் சற்றே வடக்கே, 77 டிகிரி உயரத்தில். தெற்குப் பத்தியின் ஓரம் மட்டும் வெயிலில் லேசாக நனையும். தூண்களில் நிழல் கோடு வேண்டுமென்றால் மார்கழி, தை. முற்றம் முழுக்க ஒளிக் கிணறாக வேண்டுமென்றால் சித்திரை முதல் வாரம்.

முகப்பு வாசலில் நின்று கடைசிக் கட்டு வரை ஒரே படத்தில் கொண்டுவர ஆசைப்படுவீர்கள். அதற்கு ட்ரைபாட் இல்லாமல் இறங்காதீர்கள். கேமராவை இடுப்புக்குச் சற்று மேலே, நாலடி உயரத்தில் வைத்து, லென்ஸ் மேலும் கீழும் சாயாமல் மட்டம் பாருங்கள். கொஞ்சம் நிமிர்த்தினாலே தூண்களெல்லாம் உள்பக்கம் விழுவதுபோல் ஆகிவிடும். தரை ஓட்டின் நடுக்கோட்டைப் படத்தின் நடுக்கோட்டோடு சேர்த்துப் பிடித்தால் இடம் வலம் சரியாகிவிடும். ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8. உங்கள் லென்சை 18இல் வைத்து 2.5 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால் ஒன்றரை மீட்டரிலிருந்து பின்வாசல் வரை தெளிவாக விழும். ஒரே எக்ஸ்போஷரில் இந்த வெளிச்ச வித்தியாசம் அடங்காது. 1/250, 1/60, 1/15, 1/4, 1 நொடி என ஐந்து படம் எடுத்து மென்பொருளில் சேருங்கள். சேர்க்கும்போது இருட்டை எல்லாம் துடைத்துவிடாதீர்கள். இரண்டாம் கட்டு முதல் கட்டைவிட இருட்டாக இருப்பதுதான் அந்த வீட்டின் இயல்பு; அதையும் பளிச்சென்று ஆக்கினால் ஹோட்டல் விளம்பரம் போல ஆகிவிடும்.

எடுப்பதற்கு முன்னால் ட்யூப் லைட்டை அணைத்துவிடுங்கள். வானத்தின் நீலம், ட்யூபின் பச்சை, குண்டு பல்பின் மஞ்சள் மூன்றும் ஒரே சுவரில் விழுந்தால் எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. ஒயிட் பேலன்சை ஆட்டோவில் விடாமல் 5200 கெல்வினில் நிறுத்துங்கள்.

கேள்வி: பழைய வீடுகளின் முகப்பில் இருக்கும் சுதை உருவங்கள் நேரில் அழகாக இருக்கின்றன. படத்தில் தட்டையாகத் தெரிகின்றன. எந்த நேரத்தில் போக வேண்டும்? (பள்ளத்தூர் வாசகி)

பதில்: வெளிச்சம் சுவருக்கு நேராக விழுந்தாலும் தட்டை, விழாவிட்டாலும் தட்டை. சுவரை உரசிக்கொண்டு போகிற வெயில் வேண்டும். கைபேசியின் திசைகாட்டியை வைத்து முகப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு தடவை குறித்துக்கொள்ளுங்கள்.

கிழக்கு பார்த்த முகப்பு என்றால் விடிந்ததும் வெயில் நேராக முகத்தில் அடிக்கும், அது வேண்டாம். பத்தரை, பதினொன்று வரை பொறுத்தால் சூரியன் மேலேறிச் சுவரை உரசும். கஜலட்சுமியின் யானைத் துதிக்கைக்கு அடியில் அப்போதுதான் நிழல் விழும். மேற்கு பார்த்ததற்கு அதே கணக்கில் பிற்பகல் ஒன்றரை, இரண்டு. வடக்கு பார்த்த முகப்பை மார்ச் 21க்கும் செப்டம்பர் 23க்கும் இடையில்தான் எடுக்க வேண்டும். அந்த ஆறு மாதம் சூரியன் கிழக்குக்குச் சற்று வடக்கே உதித்து வடமேற்கே மறைவதால், காலையிலும் மாலையிலும் வடக்குச் சுவரில் சாய்ந்த வெயில் படும். மற்ற ஆறு மாதம் அந்தச் சுவருக்கு வெயிலே கிடையாது. தெற்கு பார்த்தவை கார்த்திகை, மார்கழியில் நாள் முழுக்கத் தோதானவை.

உருவங்கள் உயரத்தில் இருப்பதால் கீழே நின்று நிமிர்ந்து எடுக்காதீர்கள். எதிர்த் திண்ணையில் ஏறி, 100 முதல் 200 மி.மீ. லென்சில் இழுத்து எடுங்கள்.

கேள்வி: ஆத்தங்குடி கல் (சிமெண்ட் தரை ஓடு) பதித்த தரையைப் படமெடுத்தால் ஜன்னல் வெளிச்சம் பளபளவென்று அடித்துப் பூ வேலைப்பாடே தெரியவில்லை. சுவரும் அப்படித்தான். (தேவகோட்டை வாசகர்)

பதில்: அந்தக் கல்லின் பளபளப்பு கண்ணாடிமேல் வார்த்ததால் வந்தது. சுவரில் இருப்பது முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. இரண்டும் கண்ணாடி மாதிரியே ஒளியைத் திருப்பும் என்பதால் பொலரைசர் ஃபில்டருக்குக் கட்டுப்படும். ஆனால் எல்லாக் கோணத்திலும் கட்டுப்படாது. தரையிலிருந்து ஏறக்குறைய 35 டிகிரி சாய்வில் பார்க்கும்போது பளபளப்பு மிக நன்றாக வெட்டுப்படும். நேர் மேலிருந்து பார்த்தால் ஃபில்டரால் ஒரு பயனும் இல்லை. வளையத்தை மெதுவாகத் திருப்புங்கள். பூ தெளியும், பிறகு மறுபடி மங்கும். முழுதாகத் தெளிந்த இடத்திலிருந்து கொஞ்சம் பின்னால் திருப்பி நிறுத்துங்கள். பளபளப்பை அடியோடு எடுத்துவிட்டால் கல் சிமெண்ட் பால் பூசியதுபோலச் செத்துப்போய்த் தெரியும். ஃபில்டர் ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி, கூடினால் இரண்டு மடங்கு). ஷட்டர் வேகத்தை அதற்கேற்பக் குறையுங்கள்.

பெல்ஜியம் கண்ணாடிகளில் விழும் பிம்பத்துக்கு இது உதவாது. பாதரசமோ வெள்ளியோ பூசிய கண்ணாடியில் பொலரைசர் வேலை செய்யாது. அங்கே நின்ற இடத்தை மாற்றுவதுதான் வழி.

கேள்வி: ஆத்தங்குடியில் கல் செய்யும் பட்டறையைப் படமெடுக்க அனுமதி வாங்கிவிட்டேன். எதைத் தவறவிடக் கூடாது? (கண்டனூர் வாசகி)

பதில்: வேலையின் வரிசை தெரிந்தால் எங்கே நிற்பது என்பது தானே தெரியும். ஒரு கண்ணாடித் தட்டைத் துடைத்து வைக்கிறார்கள். அதன்மேல் சட்டம், சட்டத்துக்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு கண்ணிலும் அகப்பையால் சாயம் கலந்த சிமெண்ட் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் நிறங்கள் ஒன்றோடொன்று ஓரத்தில் சேர்ந்து நிற்கும். உடனே உலர்ந்த சிமெண்ட், மணல் கலவையைத் தூவி ஈரத்தை இழுக்க விடுகிறார்கள்; பிறகு ஈரக் கலவையை நிரப்பிக் கரண்டியால் மட்டம் தட்டுகிறார்கள். காய்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறும்.

இதில் அச்சை மேலே தூக்குவதற்கும் உலர்கலவை விழுவதற்கும் நடுவில் சில விநாடிகள்தான் நிறம் கண்ணுக்குத் தெரியும். அதற்காகக் காத்திருங்கள். வேலை செய்பவரின் தோளுக்குப் பின்னால் நிற்காமல் எதிரே, அவர் கை படத்தின் மேலிருந்து இறங்கும்படி நில்லுங்கள். கொட்டகைக்குள் வெளிச்சம் குறைவு, ஐ.எஸ்.ஓ. 1600, எஃப் 4, 1/250 நொடி. ஃப்ளாஷ் போட்டால் ஈரக் குழம்பு வெள்ளையாக எரிந்துவிடும்.

அடுத்தது, கண்ணாடி பிரியும் நேரம். கல்லின் முகம் இத்தனை நேரமும் கண்ணாடியைப் பார்த்துக் கிடந்தது; பிரிக்கும்போதுதான் முதல் தடவையாக வெளியே வருகிறது. அதை எப்போது செய்வார்கள் என்று முதல் நாளே கேட்டுவைத்துக்கொண்டு இன்னொரு நாளும் போங்கள். ஒரே நாளில் எல்லாம் கிடைக்காது.

அங்கே லென்ஸ் மாற்ற வேண்டாம். கேமராமேல் சிமெண்ட் தூசி படிந்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், ஈரம் பட்டால் பிடித்துக்கொள்ளும். முதலில் ரப்பர் ஊதுகுழாயால் ஊதி, பிறகு மெல்லிய பிரஷ்.

கேள்வி: எங்கள் வீட்டு வளவில் சுவரோடு முன்னுக்குச் சாய்த்து மாட்டிய பழைய படங்கள் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. ஐயா காலத்தில் ரங்கூனிலும் பினாங்கிலும் எடுத்தவை. வீட்டைப் பங்கு பிரிக்கப் பேச்சு நடக்கிறது. அதற்குள் எல்லாவற்றையும் பிரதி எடுத்துவைக்க வேண்டும். கைபேசியில் எடுத்தால் கண்ணாடியில் என் முகம்தான் விழுகிறது. (கோட்டையூர் வாசகி)

பதில்: இந்த இதழில் வந்த கேள்விகளிலேயே உடனே செய்ய வேண்டிய வேலை இதுதான். வீடு கைமாறும்போது தேக்குக்கு விலை பேசுகிறார்கள், படங்கள் மூட்டையாகப் பழைய சாமான் கடைக்குப் போய்விடுகின்றன. தள்ளிப்போடாதீர்கள்.

படத்தை இறக்கும்போது இரண்டு பேர் பிடியுங்கள்; ஆணியும் கம்பியும் பழசு. முதலில் சட்டத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்டுடியோ முத்திரை, பென்சில் குறிப்பு எது இருந்தாலும் அதையும் ஒரு படம் எடுங்கள். கண்ணாடியைக் கழற்றலாமா என்று பார்க்க, டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள். படம் கண்ணாடியோடு ஒட்டிய இடம் ஈரம் பட்ட திட்டுபோலத் தெரியும். அப்படித் தெரிந்தால் கழற்றவே கூடாது. உரித்தால் படத்தின் மேல்தோல் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே எடுத்துக்கொள்ளலாம்.

இடத்துக்குத் திண்ணையோ, வெயில் நேரே விழாத பத்தியோ போதும். படத்தைத் தரையில் கிடத்தி, கேமராவை நேர் மேலே பிடிப்பதைவிட, சுவரோரம் ஒரு பலகையில் நிமிர்த்திவைத்து எதிரே ட்ரைபாடில் கேமராவை நிறுத்துவது சுலபம். லென்ஸ் 50 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். கைபேசி என்றால் இரண்டு மடங்கு ஜூம் லென்ஸ். அகல லென்சில் எடுத்தால் ஓரத்தில் நிற்பவர்கள் பருத்துப் போவார்கள். கேமரா படத்துக்குச் சரியாக நேராக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: சிறிய முகம் பார்க்கும் கண்ணாடியைப் படத்தின் நடுவில் தட்டையாக ஒட்டிப் பிடியுங்கள். கேமராவில் பார்த்தால் லென்சின் கண் அதில் தெரியும். அந்தக் கண் சட்டகத்தின் நட்டநடுவில் இருந்தால் நேர். இல்லையென்றால் நடுவுக்கு வரும்வரை கேமராவை நகர்த்துங்கள். அதன் பிறகு ட்ரைபாடைத் தொட வேண்டாம்.

கண்ணாடியில் விழுவது உங்கள் முகம் மட்டும் இல்லை, உங்களுக்குப் பின்னால் இருக்கிற வெளிச்சமான முற்றமும்தான். கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டுங்கள். சபரிமலைக்குக் கட்டுகிற கறுப்பு வேட்டி இரண்டு இருந்தால் போதும். லென்ஸ் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கட்டும். வெளிச்சம் இரண்டு பக்கத்திலிருந்தும் சாய்வாக வர வேண்டும். ஒரே மாதிரியான இரண்டு எல்.இ.டி. விளக்குகளை இடம் வலம் வைத்து, படத்தின் பரப்பிலிருந்து 30 முதல் 40 டிகிரிக்குள் சாய்த்து அடியுங்கள். ஒரு வெள்ளைத் தாளைப் படத்தின்மேல் வைத்து நான்கு மூலையிலும் வெளிச்சம் சமமா என்று பாருங்கள். ஒரு மூலை மட்டும் இருட்டினால் இரண்டு விளக்கையும் ஒரே அளவு பின்னால் தள்ளுங்கள், பக்கத்தில் கொண்டுவராதீர்கள். தூரம் கூடக் கூடத்தான் வெளிச்சம் பரவலாக விழும்.

ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, 2 நொடி டைமர், ரா ஃபைல். 24 மெகாபிக்சல் கேமராவில் படம் 6000க்கு 4000 புள்ளி. 12க்கு 10 அங்குலப் படத்தைச் சட்டகம் நிறைய எடுத்தால் அங்குலத்துக்கு 400 புள்ளி கிடைக்கும். அதே அளவில் மறுபடி அச்சடிக்கத் தாராளமாகப் போதும். சில படங்களில் கறுப்பான இடமெல்லாம் வெள்ளி பூத்து ஜொலிக்கும். அது காகிதத்தில் இருக்கும் வெள்ளியே மேலே வந்து நிற்பது, துடைக்கக் கூடாது. விளக்கை இன்னும் தாழ்வாகச் சாய்த்தால் பெரும்பாலும் அடங்கும். பழுப்பு நிறத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிச் சேமிக்காதீர்கள். முதல் பிரதி இருக்கிறபடி இருக்கட்டும், திருத்துவதை வேறு ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் எண் போட்டு, வீட்டில் மூத்த ஆச்சியைப் பக்கத்தில் உட்காரவைத்து யார் எவர் என்று கேட்டு அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

கேள்வி: துபாயில் வேலை. வார விடுமுறையில் பாலைவனத்தில் படமெடுக்கிறேன். அடுத்த மாதம் லீவில் ஊருக்கு வருகிறேன். மணல்மேடு எடுத்த பழக்கம் நம் ஊர்ப் பொட்டலுக்கு ஒத்துவருமா? இங்கிருந்து ஒரு ட்ரோன் வாங்கிவரலாமா? (புதுவயல் வாசகர்)

பதில்: முதலில் ட்ரோன். வாங்கிவராதீர்கள். 2022 பிப்ரவரியிலிருந்து இந்தியாவுக்குள் ட்ரோன் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது; விமான நிலையத்திலேயே பறிபோகும். ஊரில் வாங்கிப் பறக்கவிட்டாலும் 2021 ட்ரோன் விதிகளின்படி பதிவு எண் வேண்டும், பச்சை மண்டலத்தில் (முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பகுதியில்) 400 அடிக்கு மேல் ஏற்றக் கூடாது.

பழக்கம் பாதி ஒத்துவரும். மணலில் உருவம் தருவது நிழல்தான் என்பதால் சூரியன் தாழ்வாக இருக்கும் ஒரு மணி நேரமே உங்களுக்குக் கணக்கு. வெளிர் மணலைக் கேமரா சாம்பலாக எடுத்துவிடும் என்று முக்கால் ஸ்டாப் கூட்டி வைத்திருப்பீர்கள். செம்மண்ணுக்கு அந்தக் கூட்டல் வேண்டாம். கூட்டினால் சிவப்பு வெளிறி ஆரஞ்சாகும். பூஜ்யத்தில் வையுங்கள், மழை பெய்து நனைந்திருந்தால் கால் ஸ்டாப் குறையுங்கள். இன்னொன்று, மணல்மேட்டில் ஒன்றுமில்லாத வெறுமையே படம். இங்கே பொட்டலில் ஒற்றைப் பனையோ, முள் அடைத்த வேலியோ, ஆடு ஓட்டிப் போகிறவரோ இல்லாவிட்டால் படம் நிற்காது. துபாய்ப் பாலைவனத்து அல் குத்ரா ஏரிகளில் செய்ததை ஊரணியில் செய்யலாம்: கார்த்திகை, மார்கழியில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது காலை 6:30க்கு, காற்று எழுவதற்கு முன், கேமராவைப் படித்துறையின் கடைசிப் படியில் தண்ணீரை ஒட்டி வைத்து எடுங்கள். சித்திரை, வைகாசியில் அதே ஊரணியின் வெடித்த களிமண்ணையும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அங்கே ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்சில் ஆவி படிகிறதே, அது ஊரிலும் நடக்கும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் கேமராவைப் போட்டு மூடி, வெளியே அரை மணி நேரம் வைத்துவிட்டுத் திறங்கள். ஆள் படம் எடுக்கும் விஷயத்தில் அங்கே கூடுதல் கவனம் வேண்டும்: அனுமதி இல்லாமல் ஒருவரைப் படமெடுப்பது ஐக்கிய அரபு அமீரகத்தில் தண்டனைக்குரிய குற்றம்.

கேள்வி: வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு எப்போது போகலாம்? என்ன லென்ஸ்? (திருப்பத்தூர் வாசகர்)

பதில்: மழை நன்றாகப் பெய்து கண்மாய் நிறைந்த வருஷத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. கண்மாய் வறண்ட வருஷத்தில் போவது வீண். நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், வக்கா எல்லாம் மரத்தில் கூடு வைத்திருக்கும். 400 மி.மீ. இருந்தால் நல்லது. பறக்கும்போது 1/1600 நொடிக்குக் கீழே போகாதீர்கள்.

அடிக்கடி கெடுவது வெள்ளைப் பறவையின் எக்ஸ்போஷர். பின்னால் கருவேல மரத்தின் இருட்டு இருந்தால் முக்கால் முதல் ஒரு ஸ்டாப் குறையுங்கள். இல்லையென்றால் இறகின் வரியெல்லாம் அழிந்து சுண்ணாம்பு அப்பியதுபோல ஆகும். அதே பறவை வானத்துக்கு எழும்பினால் ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். மேனுவலில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

சரணாலயத்தை ஒட்டியிருக்கும் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் இந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கூட்டுக்குப் பக்கத்தில் போவதும், பறக்க வைப்பதற்குக் கல் விடுவதும், கை தட்டுவதும் அவர்களுக்குச் செய்யும் துரோகம்.

கேள்வி: பூட்டிக்கிடக்கும் வீடுகளை எடுக்க யாரிடம் கேட்பது? கோயிலுக்குள் எடுக்கலாமா? (கடியாபட்டி வாசகர்)

பதில்: சாவி வைத்திருப்பவர் திறந்துவிடலாம், அவர் அனுமதி உங்கள் சொந்தப் படத்துக்கு மட்டும் செல்லும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பத்து இருபது பேர் இருப்பார்கள். கல்யாண ஷூட், விளம்பரம், விற்பனை என்றால் உரிமையாளர் தரப்பில் எழுத்தில் வாங்குங்கள். மாடிப்படியில் ஏறுவதற்கு முன் பலகை தாங்குமா என்று கேளுங்கள். எடுத்த படத்தைப் போடும்போது எந்தக் கதவு உடைந்திருக்கிறது, வீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று தெரியும்படி போடாதீர்கள். நிலைக்கதவையும் தூணையும் பெயர்க்க வருகிறவர்களுக்கு அது வழிகாட்டி.

கோயிலுக்குள் வேண்டாம். தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதித்து 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. கோபுரம், தெப்பக்குளம், தேரோடும் வீதி இவையே ஒரு வருஷத்துக்குப் போதும்.

கேள்வி: எதை எடுத்தாலும் ஏற்கெனவே யாரோ எடுத்த படம் மாதிரியே இருக்கிறது. அதே தூண், அதே முற்றம், ஆயிரம் ஜன்னல் வீட்டின் அதே மூலை. புதிதாக எப்படி யோசிப்பது? (காரைக்குடி வாசகி)

பதில்: கட்டடத்தை விட்டுவிட்டு அதில் நகர்கிற ஒன்றைப் பிடியுங்கள். கதவுக்கு மேலே அரை வட்டத்தில் கலர் கண்ணாடி வைத்த வீடு எதுவாக இருந்தாலும் சரி. அதன் வழியாக விழும் சிவப்பும் பச்சையும் தரையில் மெதுவாக ஊர்ந்து போகும். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. கண்ணாடிக்கும் தரைக்கும் 3 மீட்டர் தூரம் என்றால் நிறத்திட்டு ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய முக்கால் மீட்டர் தள்ளிப்போகும். ட்ரைபாடை அசைக்காமல், எக்ஸ்போஷரை மாற்றாமல், பத்து நிமிஷத்துக்கு ஒன்றாக ஆறு படம் எடுங்கள். தரையில் ஒரு சொம்போ, மடித்த பாயோ வைத்துவிட்டால் நிறம் அதன்மேல் ஏறி இறங்குவது தெரியும். ஆறையும் வரிசையாக வைத்தால் அது வேறு யாரும் எடுக்காத படம். அந்த நாளும் அந்த வீடும் உங்களுடையவை.

அல்லது ஒரே நிறத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் நடங்கள். இந்தப் பக்கத்துச் சிவப்பே எத்தனை வகை: வண்டித்தடத்துச் செம்மண், கூரை ஓடு, முற்றத்தில் காயும் மிளகாய், கண்டாங்கிச் சேலையின் கரை, கோயில் சுவரின் காவிப்பட்டை. எல்லாவற்றையும் ஒரே தூரத்தில், ஒரே லென்சில், நிழலான இடத்தில் எடுத்தால்தான் நிறங்களை ஒப்பிட முடியும். காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் பூட்டுகளை மட்டும் தொடர்ந்து எடுக்கலாம். ஒரு ஆச்சி கொட்டான் (ஓலைக்கூடை) முடைவதில் முகத்தை விட்டுவிட்டு ஓலையைப் பிளக்கும் நகத்தை மட்டும் எடுக்கலாம்.

கேள்வி: மழைக்காலம் முடிந்து பார்த்தால் லென்சுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. எப்படித் தடுப்பது? (கானாடுகாத்தான் வாசகர்)

பதில்: உள்ளே படர்ந்ததை நீங்கள் துடைக்க முடியாது, பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள், அதுவரை மற்ற லென்ஸ்களோடு சேர்த்து வைக்காதீர்கள். இனிமேல் தோல் பையில் வைக்க வேண்டாம், தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். ரப்பர் விளிம்பு வைத்து இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் 200 கிராம் சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரமானியும் போடுங்கள். முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்க வேண்டும். 60ஐத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். 30க்குக் கீழே போனால் ரப்பரும் எண்ணெயும் காயும். ஆரஞ்சு நிறத்தில் வரும் ஜெல்லை வாங்குங்கள். ஈரம் குடித்ததும் பச்சையாக மாறும். நீல ஜெல்லில் கோபால்ட் உப்பு இருப்பதால் அதைச் சமையல் பாத்திரத்தில் வறுக்கக் கூடாது. ஆரஞ்சையும் தனிச் சட்டியில், சிறு தீயில், நிறம் திரும்பும்வரை வறுத்து, நன்றாக ஆறிய பிறகே டப்பாவுக்குள் போடுங்கள். சூடாகப் போட்டால் மூடிக்கு அடியில் வியர்த்துவிடும்.